பின்னல், சடை, சிக்கு

பின்னால் தொங்குவதால்தான் அதற்குப் பின்னல் என்று பெயர் என்று பதினொரு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, நானாகக் கண்டுபிடித்தது. ஆறாவது படிக்கும்போது எங்கள் வகுப்பில் ஒருத்திக்கு இடுப்பு வரைக்கும் முடி. இரண்டு பின்னலையும் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டுதான் உட்காருவாள். முன்னால் கிடப்பதை எப்படிப் பின்னல் என்பது? அன்று சாயங்காலம் அம்மிச்சியிடம், அதாவது அம்மாவின் அம்மாவிடம் போய்க் கேட்டேன். பந்தலுக்குத் தென்னந்தடுக்கு பின்னிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே, "பின்றதுனால பின்னல், கண்ணு. இதுவும் பின்னல்தான், உன்ற தலையில இருக்கறதும் பின்னல்தான்" என்றார். ஊறிய ஓலை ஒன்றின் மேல் ஏறி, அடுத்ததன் அடியில் இறங்கிப் போவதை அன்றுதான் உற்றுப் பார்த்தேன்.

இப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. பிறந்தது பவானி, வாக்கப்பட்டது திருப்பூர். இரண்டுமே பின்னலோடு ஒட்டிய ஊர்கள் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். பவானியில் காவிரியும் பவானி ஆறும் சேருகிற இடம் கூடுதுறை. கண்ணுக்குத் தெரியாமல் அமுத நதியும் அங்கே வந்து கலப்பதாக ஐதீகம். அதனால் தென்னாட்டுத் திரிவேணி சங்கமம் என்பார்கள். வேணி என்றால் வடமொழியில் பின்னல். அம்மா பெயரின் கடைசியிலும் அந்த வேணி உண்டு. அம்மா வயதுப் பெண்களில் தெருவுக்கு ஒரு வேணியாவது இருப்பார்.

இரண்டு பிரியை வைத்து முறுக்கலாம், பின்ன முடியாது. பின்ன வேண்டுமென்றால் மூன்றாவது ஒன்று வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஆற்றை எதற்காகக் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்று எனக்கு ஒரு பிடி கிடைத்தது, தங்கைக்குத் தலை பின்னிவிடப் பழகிய பிறகுதான்.

காலையில் எங்கள் வீட்டு வாசற்படியில் ஒரு ரயில் நிற்கும். மேல்படியில் அம்மா, அடுத்த படியில் நான், எனக்குக் கீழே தங்கை. அம்மா எனக்குப் பின்ன, நான் தங்கைக்குப் பின்ன, அவள் மடியில் நான்கு பச்சை ரிப்பனையும் சுருள் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். பள்ளிக்கூடத்தில் ரெட்டைச் சடை கட்டாயம். பின்னி முடித்து, மடித்து, காதுக்குப் பக்கத்தில் ரிப்பனில் பூப்போட்டுக் கட்ட வேண்டும். கை பழகாத நாட்களில் நான் எடுத்த வகிடு நெற்றியில் தொடங்கி எங்கேயோ போய் முடியும். அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, ஒரே இழுப்பில் பிரித்துவிட்டு, "மறுபடி எடு" என்பார்.

அம்மா சொல்லித்தந்தது வாய்ப்பாடு மாதிரி இன்னும் காதில் இருக்கிறது. முடியை மூன்று காலாகப் பிரி. வலது ஓரத்துக் காலைத் தூக்கி நடுக்காலின் மேல் போடு. இப்போது அதுதான் நடு. இடது ஓரத்துக் காலைத் தூக்கி நடுவின் மேல் போடு. இப்போது அது நடு. "எந்தக் காலும் நடுவுலயே உக்காந்துக்கக் கூடாது, எந்தக் காலும் ஓரத்துலயே நின்னுக்கக் கூடாது." நூலுக்கு இழை, கயிற்றுக்குப் பிரி, தலைமுடிக்குக் கால். அன்றாடத்துக்கு மூணு கால். விசேஷத்துக்கு நாலுகால் பின்னல்: ஓரத்துக் கால் ஒன்றின் மேல் ஏறி, அடுத்ததன் அடியில் நுழைந்து, மூன்றாவதன் மேல் வந்து மறு ஓரம் சேரும். அஞ்சுகால் எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மட்டும்தான் வந்தது. பாய் விரித்த மாதிரிப் பட்டையாக முதுகில் படுத்திருக்கும்.

என் தெரட்டிக்கு, அதாவது வயதுக்கு வந்த சீருக்கு, அம்மா அந்த அஞ்சுகால் பின்னலின் மேல்தான் பூச்சடை தைத்தார். வாழைப்பட்டையில் மல்லிகை மொட்டுகளை நெருக்கி நெருக்கி ஊசியால் கோத்து, ஓரத்துக்குக் கனகாம்பரம், அடியில் குஞ்சலம். கழுத்தைத் திருப்ப முடியாத கனம். அதோடு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார்கள். முகம் முன்பக்கம் பார்க்க, முதுகுக்குப் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி. படத்தில் நானும் இருக்கிறேன், என் பின்னலும் இருக்கிறது. அந்த வயதுப் பெண்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் வீட்டில் இந்தப் படம் இருக்கும்! நம் பின்னலை நாமே முழுசாகப் பார்ப்பது அந்த ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் அதைப் பார்க்கிறவர் பின்னிவிட்டவரும், பின்னால் வருகிறவரும்.

தமிழில் பின்னுவதற்கு அக்கம்பக்கத்தில் எத்தனை வினைச்சொற்கள்! கயிறு திரிப்போம், பூத் தொடுப்போம், பாய் முடைவோம், துணி நெய்வோம். ஒவ்வொன்றுக்கும் கைவாகு வேறு. அப்பா ஜமக்காளத் தறியில் இருந்தவர் என்பதால் நெய்வதைக் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பாவு இழுத்துக் கட்டியபடி நிற்கும், ஊடைதான் குறுக்கே ஓடும். பின்னுவதில் நிற்பது ஒன்று, ஓடுவது ஒன்று என்று கிடையாது. எல்லாக் காலும் நகர வேண்டும்.

அதனால்தானோ என்னவோ, பேச்சில் இந்தச் சொல் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. சிலந்தி வலை பின்னுகிறது. பொய் சொல்கிறவன் கதை பின்னுகிறான். ராத்திரி ஷிப்டு முடித்து நடந்து வந்தால் கால் பின்னுகிறது. மேடையில் நன்றாகப் பாடிவிட்டால் "பின்னிட்டே!" என்கிறோம். யாரையாவது அடித்தாலும் பின்னி எடுத்துவிட்டான் என்கிறோம். ஐப்பசி மழையும் பின்னி எடுக்கிறது. இலங்கைத் தமிழர்கள் கிடுகு பின்னி வேலி அடைப்பார்கள். கிடுகு என்று அவர்கள் சொல்வது எங்கள் தடுக்குதான். ஒயர் கூடையும் பின்னல்தான், அதில் சிவன் கண் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு என்று பெண்கள் வைத்திருக்கும் பெயர்களை எழுதப் போனால் இன்னொரு பதிவு வேண்டும்.

பழைய தமிழிலும் சொல் இதேதான். சங்கப் பாட்டில் 'பின்னிருங் கூந்தல்' வருகிறது: பின்னிய கரிய கூந்தல். பெண்களின் கூந்தலுக்கு 'ஐம்பால்' என்றும் ஒரு பெயர், ஐந்து விதமாக முடிப்பதால். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை. இதில் பனிச்சை என்பதற்குப் பின்னி விடுவது என்று உரைகாரர்கள் பொருள் சொல்கிறார்கள். கொண்டை இன்றும் எல்லார் வாயிலும் இருக்கிறது, பனிச்சை புத்தகத்தோடு நின்றுவிட்டது. ஆனால் பின்னுகிற வினை மட்டும் ஓர் எழுத்தும் தேயாமல் என் அம்மிச்சியின் வாய் வரைக்கும் வந்து சேர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர்.

சடை அப்படி இல்லை. 'ஜடா' என்ற வடசொல்லில் இருந்து வந்தது. ஆனால் வந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. தேவாரம் முழுக்க விரிசடை, செஞ்சடை. சடையன், சடையப்பன் என்று ஆண்களுக்குப் பெயர். கம்பரை ஆதரித்த வள்ளல் சடையப்பர். முடி மண்டிய நாய் சடைநாய். கிளையும் இலையுமாக அடர்ந்த மரத்தைச் சடைத்து வளர்ந்திருக்கிறது என்போம். சொல்லின் உள்ளே இருக்கும் அர்த்தம், சீப்புக்கு அடங்காமல் ஒன்றோடொன்று திரண்டுபோன முடி. அதே சொல்லைத்தான் சீப்பால் வாரி, எண்ணெய் தடவி, வகிடு எடுத்து ஒழுங்காகப் பின்னியதற்கும் வைத்திருக்கிறோம். "சடை போட்டு உடுங்மா" என்று தங்கை வந்து உட்காருவாள். அம்மையப்பர் தலையில் இருப்பதும் சடை, ஆறாம் வகுப்புப் பிள்ளை தலையில் இருப்பதும் சடை. இது எப்படி என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

திருப்பூருக்கு வந்த பிறகு பின்னல் எனக்குச் சோறு போடும் சொல்லாகவும் ஆகிவிட்டது. இந்தியாவில் இருந்து ஏற்றுமதியாகும் பின்னலாடையில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் போகிறது. ஊருக்குள் அந்தச் சொல்லை யாரும் சொல்ல மாட்டார்கள். பனியன் கம்பெனி என்பார்கள். பெயர்ப்பலகையிலும் செய்தித்தாளிலும் மட்டும்தான் பின்னலாடை. உள்ளபடி பார்த்தால் பனியன் துணியில் கால் மாற்றிப் போடுகிற வேலையே கிடையாது. நூல் வளையத்துக்குள் வளையமாக நுழைந்து துணியாகிறது. ஒரு கண் விட்டுப்போனால் ஓட்டை கோடு போட்ட மாதிரி இறங்கிக்கொண்டே போகும். இதையும் தமிழ் பின்னல் என்றே சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்டது நல்லதுதான் என்பேன். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற ஒரு பெண், நான் பின்னலாடைத் தொழிலில் இருக்கிறேன் என்று சொல்லும்போது, வீட்டில் மகளுக்குச் செய்கிற அதே வேலையின் பெயர் அதில் இருக்கிறது.

கால் மாறிப் போகிற அசல் பின்னலைப் பார்க்க வேண்டுமென்றால் நான் வேலை செய்கிற இடத்துக்கு வர வேண்டும். அது நாடா கம்பெனி. ட்ராக் பேன்ட் இடுப்பில் கட்டுவதும் ஹூடியின் கழுத்தில் தொங்குவதும் எங்கள் மிஷினில் ஓடியவை. பதினான்கு வருஷமாக அங்கே கணக்கு எழுதுகிறேன். சேர்ந்த முதல் நாள் மிஷின் முன்னால் நின்றவள் நகரவே இல்லை. வட்டமான ஒரு தட்டு. அதில் பாம்பு போன மாதிரி வளைந்து வளைந்து, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு இரண்டு தடம். தடத்தில் பதினாறு நூல்கண்டுகள் நிமிர்ந்து நிற்கின்றன. எட்டு வலமாகச் சுற்றுகின்றன, எட்டு இடமாக. எதிரே வருவதற்கு ஒரு முறை உள்பக்கம் ஒதுங்கி, அடுத்து வருவதற்கு வெளிப்பக்கம் ஒதுங்கி, ஒன்றும் ஒன்றோடு மோதாமல் ஓடுகின்றன. பதினாறு நூலும் மேலே ஒரே புள்ளியில் சேர்ந்து நாடாவாக ஏறிப் போகிறது. சத்தம் காதை அடைக்கும். எனக்கு அந்தச் சத்தத்துக்கு அடியில் கோலாட்டப் பாட்டு கேட்டது.

எட்டாவது படிக்கும்போது ஆண்டு விழாவுக்குப் பின்னல் கோலாட்டம் ஆடினோம். மேலே வளையத்தில் இருந்து எட்டுக் கயிறு தொங்கும். இடது கையில் கயிறு, வலது கையில் கோல். நான்கு பேர் வலமாக, நான்கு பேர் இடமாக. எதிரே வருகிறவளோடு கோலைத் தட்டிவிட்டு ஒருத்தியை உள்ளே விட்டு, அடுத்தவளுக்கு வெளியே போவோம். ஆட ஆட மேலே கயிறு பின்னிக்கொண்டே இறங்கும். அதுவரைக்கும் சுலபம். பாதிக்கு வந்ததும் பாட்டு மாறும், திரும்பி நின்று அதே அடியை எதிர்த்திசையில் வைக்க வேண்டும். போன வழியிலேயே திரும்பினால் பின்னல் தானாக அவிழ்ந்துகொண்டே வரும். ஒருத்தி ஒரு தடவை உள்ளே போவதற்கு வெளியே போய்விட்டாலும் போச்சு, கயிறு சிக்கிக்கொள்ளும். ஒத்திகையில் எத்தனையோ நாள் ஏணி போட்டு ஏறி டீச்சர் அவிழ்த்துவிட்டார். எங்கள் டீச்சர் வாயில் இருந்து வந்த இரண்டு சொல்லும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது: சரியாக வந்தால் "பின்னல் உழுந்திருச்சு", தப்பினால் "சிக்கு உழுந்திருச்சு".

2021 மே மாதக் கடைசி. கொங்குப் பக்கம் கொரோனா இரண்டாம் அலையில் தவித்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அப்போது 68 வயது. பத்தொன்பது நாள் மருத்துவமனையில் ஆக்ஸிஜனோடு கிடந்தார். கூட இருக்க யாரையும் விடவில்லை. ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது அவசரத்தில் முடியை அள்ளி ஒரு கொண்டை போட்டு அனுப்பியிருந்தேன். அந்தக் கொண்டை பத்தொன்பது நாளும் அப்படியே இருந்தது. அதன் மேல் மாஸ்க்கின் ரப்பர், வியர்வை, தலையணை. அங்கே இருந்த பிள்ளைகள் முழுக்க மூடிய உடையில், மூச்சுக்குத் தவிக்கிறவர்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வெளியே அனுப்பும்போது ஒரு நர்ஸ், "வெட்டிருங்கக்கா, திரும்ப வளந்துரும்" என்றார்.

வீட்டில் உட்காரவைத்து ஹேர்பின்னை எடுத்தேன். கொண்டை அவிழவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு, தேங்காய் நாரை அமுக்கி வைத்த மாதிரி ஒரு கட்டி. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். "சடை உழுந்திருச்சு சாமி. கத்திரி வெக்காதீங்க. அம்மன் கேக்குது. அப்படியே உட்ருங்க" என்றார். அவரும் அன்போடுதான் சொன்னார். அம்மா ஒன்றும் பேசவில்லை. கையை மட்டும் பின்னால் கொண்டுபோய் அந்தக் கட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சுகால் பின்னல் போட்ட கை அது. வெட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம் என்று எடுத்தேன்.

மூன்று நாள் ஆயிற்று. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அம்மாவால் உட்கார முடியாது. தேங்காயெண்ணெயில் கொஞ்சம் விளக்கெண்ணெய் கலந்து, வெதுவெதுப்பாக அந்தக் கட்டிக்குள் இறங்கும் வரைக்கும் ஊறவிட்டேன். சீப்பு அதற்குள் போகவே போகாது. கம்பெனியில் நாடா கோக்கிற மொண்ணை முனைக் கம்பி ஒன்று வீட்டில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு, கட்டியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நாலைந்து முடியின் நுனியைத் தேடுவேன். இழுக்கக் கூடாது, இழுத்தால் இறுகும். எதன் மேல் ஏறிக் கிடக்கிறதோ அதை எதிர்ப்பக்கம் கொஞ்சம் தள்ளிக்கொடுத்தால் ஒரு துளி இடம் விடும். அந்த இடத்தில் கம்பியை நுழைத்து நெம்பி, அந்த நாலைந்து முடியை வெளியே எடுத்துத் தனியாகப் போட வேண்டும். வேர்ப்பக்கத்தை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் தலைக்கு வலி போகாது. அப்புறம் அடுத்த நாலைந்து.

பின்னலுக்கும் சிக்குக்கும் என்ன வித்தியாசம் என்று என் கைக்கு அங்கேதான் தெரிந்தது. இரண்டிலும் முடிமேல் முடி ஏறித்தான் கிடக்கிறது. இறுக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பின்னலில் எது எதன் மேல் ஏறியது என்று பின்னியவருக்குத் தெரியும், அதனால் திரும்பி வர வழி இருக்கிறது. கோலாட்டத்தில் பாட்டு மாறுகிற இடம் மாதிரி. சிக்கில் அந்த வழியை ஒவ்வொரு முடிக்கும் புதுசாகத் தேட வேண்டியிருக்கிறது. சடை என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தவர்கள் மேல் எனக்கு இருந்த கேள்வியும் அன்றோடு போயிற்று. இரண்டும் ஒரே முடிதான். கை பட்டால் ஒன்று, படாவிட்டால் இன்னொன்று.

மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசி முடிச்சும் விட்டது. ஒரு கைப்பிடி முடி போயிருந்தது. மிச்சத்தை வாரி, வகிடு எடுத்து, மூணு காலாகப் பிரித்துப் பின்னிவிட்டேன். அம்மா கையைப் பின்னால் விட்டுப் பின்னலைப் பிடித்து, தோளுக்கு மேலாக இழுத்து முன்னால் போட்டுக்கொண்டார். மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே போய், நுனிக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆகஸ்டில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கடும் காய்ச்சல் வந்து போன இரண்டு மூன்று மாதத்தில் இப்படிக் கொட்டும், பிறகு வளரும் என்று டாக்டர் சொன்னார். வளர்ந்தது. ஆனால் பழைய அடர்த்தி இல்லை. சின்ன வயதில் எங்கள் தெருவில் எலிவால் என்பார்களே, அந்தப் பருமன்தான். நான் அதை அப்படிச் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பவானிக்குப் போய்விடுகிறேன். அதே வாசற்படி. இப்போது மேல்படியில் நான், கீழ்ப்படியில் அம்மா.

ரப்பர் பேண்டு நிற்கவில்லை, வழுக்கி விழுந்துவிடுகிறது. ரிப்பனும் அப்படியே. போன மாதம் கம்பெனியில் துண்டு விழுந்த கருப்பு நாடாவில் ஒரு முழம் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். பின்னி முடித்து நுனியில் அதைச் சுற்றிக் கட்டும்போது அம்மா கையை நீட்டி வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கட்டை விரலால் உருட்டினார்.

"இது எத்தன காலு கண்ணு?"

"பதினாறும்மா."

"பதினாறா! யாரு பின்னுனது?"

"மிஷினுதாம்மா பின்னுது."

கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அதுக்குச் சிக்கு உழுந்தா யாரு எடுப்பாங்க?"

"நூல் அறுந்தா தானா நின்னுரும்மா. ஷிப்டுல இருக்கற பையன் வந்து முடிச்சுப் போட்டு ஓட்டி உடுவான்."

"பாவம், ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கோணும்" என்று சொல்லிவிட்டு, நாடாவை என் கையில் கொடுத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.